சீட்டில் ஏறாத வேலை

போன மாதம் ஒரு நாள் செல்வி போன் செய்தாள். நான் வேலை பார்த்த ஆலையில் எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்தவள். நலம் விசாரிக்கவில்லை, பேரனைப் பற்றிக் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “யக்கா, லிஸ்ட்ல நம்ம பேரு இருக்கான்னு எப்படிக்கா கண்டுபிடிக்கது?” என்றாள்.

ஆலையில் மறுபடியும் ஆள்குறைப்புப் பேச்சாம். மும்பைத் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, மூன்று நாள் தங்கி, யாரிடமும் எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்களாம். ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும் என்றாள். “கண்டுபிடிக்க முடியாது செல்வி. எங்க காலத்துல கண்டுபிடிச்சவங்க அத்தனை பேரும் தப்பாத்தான் கண்டுபிடிச்சாங்க” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. “நீங்க ஒருதடவை கிட்ட இருந்து பாத்துருக்கீங்கல்லா, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்றாள். பார்த்தது மட்டுமில்லை, அதில் எனக்கும் பங்கு உண்டு. போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன்.

என் கதை சுருக்கமானது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்தேன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்த இரண்டே பெண்களில் ஒருத்தி. மற்றவள் இரண்டாம் வருடத்திலேயே கல்யாணமாகிப் போனாள். நான் டிப்ளமோவை முடித்து, நாலு பட்டறைகளில் “பொம்பளப் பிள்ளைக்கு இங்கன என்ன வேலை?” என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு, ஐந்தாவதாக ஏறிய இடம் அந்த ஆலை. தச்சநல்லூருக்கு வடக்கே, நெடுஞ்சாலையை ஒட்டி, பிஸ்கட்டுக்கும் சோப்புக்கும் மேலே சுற்றுகிற மினுமினுப்பான பிளாஸ்டிக் தாள் செய்கிற இடம். பெயர் வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

எங்கள் பொறியியல் பிரிவில் நாற்பது பேர். எனக்குப் பராமரிப்பைத் திட்டமிடுகிற வேலை. எந்த இயந்திரத்தில் யார் கை வைத்தாலும் ஒரு வேலைச் சீட்டு எழுத வேண்டும். என்ன இயந்திரம், என்ன கோளாறு, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது. சீட்டு என்னிடம் வரும், நான் கணினியில் ஏற்றுவேன். சீட்டு இல்லாவிட்டால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம். விதி இதுதான். நடப்பு எப்படி இருந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் தியாகராஜன் சார் திருச்சிக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தினமும் காலை எட்டே காலுக்குக் கூட்டம், நின்றுகொண்டே. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்று அந்த அறையிலிருந்த நாற்காலிகளை எடுத்துவிட்டிருந்தார், தன்னுடையதையும் சேர்த்து. கையில் ஒரு மைப் பேனா, சின்னக் குறிப்பேடு. கேள்வி ஒன்றே ஒன்று. “நேத்து என்ன நின்னுச்சு?” நின்றுபோன இயந்திரத்துக்கு உரியவர் பேசுவார். ஏன் நின்றது, எவ்வளவு நேரம், யார் ஓட்டிவிட்டது. சார் எழுதிக்கொள்வார். வியர்வை சொட்ட நின்று சரிசெய்தவரைப் பார்த்து “நல்லது” என்பார். அவரிடமிருந்து ஒரு ‘நல்லது’ லேசில் கிடைக்காது. கிடைத்தவர் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிவார். யாராவது விளக்கிக்கொண்டே போனால், “எழுத்துல கொடுங்க” என்பார். பேனாவை மூடினார் என்றால் பேச்சு முடிந்தது.

நின்றதைப் பற்றி மட்டும் பேசுகிற கூட்டம் அது. நிற்காத இயந்திரத்தைப் பற்றி அங்கே ஒரு கேள்வியும் கிடையாது. எங்களில் ஒருவருக்கும் அப்போது அது குறையாகத் தெரியவில்லை.

காஜா மைதீன் அண்ணன் மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஆலைக்குத் தண்ணீரும் காற்றும் குளிரும் தருகிற பக்கம் அவர் பொறுப்பு. பம்பு ரூம், கம்ப்ரசர், சில்லர் எல்லாம் அவருடையவை. நாலு பேர் முன்னால் என்னை ‘மேடம்’ என்பார், தனியாக இருந்தால் ‘தங்கச்சி’. எட்டே கால் கூட்டத்தில் பதினெட்டு வருடமாக அவர் சொன்னது, “நம்ம பக்கம் ஏதும் இல்ல சார்” என்பதுதான். சார் அடுத்தவரைப் பார்ப்பார்.

அப்படிச் சொல்ல முடிவதற்காக அவர் என்ன செய்தார் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலை ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போவார்கள், இவர் பம்பு ரூமுக்குப் போவார். மரப்பிடி போட்ட நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருந்தார். அதன் முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். புறங்கையால் மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்ப்பார். குளிர்நீருக்கு மூன்று பம்பு. இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு நிற்கும். திங்கட்கிழமைதோறும் நிற்கிறதை ஓட்டி, ஓடுகிறதில் ஒன்றை நிறுத்துவார். சும்மா நிற்கிற பம்பு துருவேறி இறுகிப்போகும், அவசரத்துக்குச் சுற்றாது என்பார்.

ஒரு சித்திரை மாதம் என் மேசைக்கு வந்து, “தங்கச்சி, ரெண்டாம் கம்ப்ரசர் மோட்டார்ல ஒரு சத்தம் வருது. எலி கரண்டுத மாதிரி. ஞாயித்துக்கெழம லைனை நிப்பாட்டும்போது நானும் பைய நுழைஞ்சுக்கிடுதேன்” என்றார். தாள் செய்கிற இயந்திர வரிசை நின்ற அந்த ஞாயிறு நுழைந்தார். இரண்டு மணி நேரத்தில் பேரிங் மாறியது. கழற்றியதைக் காட்டினார். உள்வளையத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அப்படியே ஓடவிட்டிருந்தால் ஒரு வாரத்தில் மோட்டார் எரிந்து, ஆலை மூன்று நாள் நின்றிருக்கும். மூன்று நாள் நின்றபின் சரிசெய்திருந்தால் அவருக்கு ஒரு ‘நல்லது’ கிடைத்திருக்கும்.

“சீட்டு எங்கண்ணே?” என்று கேட்டேன்.

“லைன் நிறுத்தத்துக்கு ஒரு சீட்டு இருக்குல்லா. எனக்குத் தனியா ஒண்ணு எதுக்கு? சீட்டு எழுதுத நேரத்துல இன்னொரு பம்பைப் பாத்துருவேம்மா.”

நான் விட்டுவிட்டேன். அதோடு நிற்கவில்லை, பிறகு அவரிடம் சீட்டு கேட்பதையே விட்டேன். எனக்கும் கணினியில் ஏற்றுகிற வேலை மிச்சம். ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு ஆள் வரும்போது நானே சில சீட்டுகளை எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, கணினியிலும் ஏற்றி, கோப்பில் சேர்த்துவிடுவேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த தப்பு இது. அதில் சௌகரியம் கண்டவள் நான் ஒருத்திதான்.

இப்போது செல்வி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஏழெட்டு வருடம் இருக்கும். வதந்தி முதலில் சேப்டி ஷூவில் வந்தது. ஆண்டுக்கு ஒரு சோடி எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஸ்டோர்ஸ் பார்த்த சுடலைமுத்து அண்ணாச்சி கேன்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, “ஏலே, இந்த வருசம் முப்பத்தோரு சோடிக்குத்தான் ஆர்டர் போட்டுருக்காங்க, பாத்துக்கிடுங்க” என்றார். நாற்பது பேருக்கு முப்பத்தோரு சோடி. அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. எந்த அளவில் எத்தனை குறைகிறது என்று கேட்க ஸ்டோர்ஸ் ஜன்னலில் கூட்டம். எட்டாம் நம்பரில் நாலு சோடி குறைகிறது என்று தெரிந்ததும், எட்டாம் நம்பர்க்காரர்கள் அடுத்தவர் காலைப் பார்த்தபடி நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவர், “எனக்கு ஒம்பதுதான்வே, லிஸ்ட்ல தப்பா எட்டுன்னு கெடக்கு” என்று திருத்தக் கிளம்பினார். சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் அளவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், போன வருடச் சரக்கில் ஒன்பது சோடி ஸ்டோர்ஸிலேயே கிடந்திருக்கிறது. ஆனால் பட்டியல் ஒன்று தயாராவது மட்டும் உண்மை. ஷூவுக்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

அந்த மாதங்களில் நல்ல மனிதர்கள்கூடக் கொஞ்சம் கோணலாகிப் போனார்கள். இயந்திர அளவுகளை மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் குறிப்பு நோட்டைப் பையில் வைத்துப் பூட்டினார்கள். தனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருந்தால் தன்னைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஒருத்தருடைய இயந்திரம் ஒரே மாதத்தில் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் அவரே மின்னல் வேகத்தில் கண்டுபிடித்து ஓட்டினார். மூன்று ‘நல்லது’ வாங்கினார். எப்படி நின்றது என்று எங்களுக்கெல்லாம் ஓரளவு தெரியும்.

“அண்ணே, நீங்களும் ஒரு பம்பை நிப்பாட்டித் தொலைங்களேன்” என்று காஜா அண்ணனிடம் சொன்னேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“நல்லா ஓடுத பம்பை எப்படிம்மா நிப்பாட்ட? கை வருமா?”

அப்போது அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கடையநல்லூர். பெண்ணின் வாப்பா பெரிய கம்பெனியில் எஞ்சினியர் என்பதில் சம்பந்தி வீட்டுக்கு ரொம்பத் திருப்தி என்று என்னிடம் வெட்கத்தோடு சொல்லியிருந்தார். இந்த நேரத்தில் அவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு புதன்கிழமை சார் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருடத்து வேலைச் சீட்டுகளின்படி ஆளுக்கு எத்தனை மணி நேரம் வேலை என்று தலைமையகம் கேட்கிறது, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு நாளை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும் என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற விவரம்தான். தாள் அச்சாகி வந்ததும் மேலிருந்து கீழே பார்த்தேன். மூன்று முறை நின்ற இயந்திரத்துக்காரர் முதலில் இருந்தார். கடைசியில் காஜா மைதீன். அவர் பெயருக்கு நேரே இருந்த கொஞ்சநஞ்ச மணிநேரமும் தணிக்கைக்காக நான் என் கையால் எழுதிய சீட்டுகளிலிருந்து வந்தவை.

தாளை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன். “சார், இதுல காஜா அண்ணனோட மணிநேரம் சரியில்ல.”

“கம்ப்யூட்டர் தப்பா கூட்டுதா?”

“இல்ல சார். அவர் சீட்டு எழுதறதில்ல. வேலை பாக்காம இல்ல. அவர் பக்கம் எதுவும் நிக்காம இருக்கதே அவர் பாக்கற வேலையாலதான்.”

சார் தாளின் கடைசி வரியைப் பார்த்தார். “எனக்குத் தெரியும்மா. பம்பு ரூம் பக்கம் நான் ஒரு நாள்கூட கவலையோட போனதில்ல. ஆனா எனக்குத் தெரியறதை நான் அனுப்ப முடியாது, அவங்க கேட்டது சீட்டு. நீங்க எழுத்துல கொடுங்க. உங்க குறிப்பையும் இதோட இணைச்சு அனுப்பறேன்.” பேனாவை மூடினார்.

அவர் மேல் நான் பழி சொல்ல மாட்டேன். அவரால் முடிந்த ஒரே வழியை எனக்குத் திறந்துவிட்டார்.

மேசைக்கு வந்து தட்டச்சு செய்தேன். இரண்டு வரி வந்தது. ‘காஜா மைதீன் செய்யும் முன்தடுப்பு வேலைகள் பெரும்பாலும் சீட்டில் பதிவாகவில்லை. அவர் பிரிவில் இயந்திரங்கள் நிற்காமல் ஓடுவதற்கு அந்த வேலைகளே காரணம்.’ மூன்றாவது வரியில் கை நின்றது. ஏன் பதிவாகவில்லை என்று அடுத்து கேட்பார்கள். பதிவாக வைக்க வேண்டியவள் நான். அதைத் தோண்டினால் தணிக்கைக்குக் காட்டிய சீட்டுகளும் வெளியே வரும். அந்த வாரம் இன்னொரு பேச்சும் ஓடியது. திட்டமிடுகிற வேலையை மும்பையில் ஒரு மென்பொருளே பார்த்துக்கொள்ளுமாம், ஆலையில் அதற்கென்று ஒரு ஆள் தேவைப்படாதாம். என் கணவரின் அச்சகம் மூடி ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும். இதையெல்லாம் நியாயமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மனசில் ஓடியதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் பஸ் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு வரியையும் அழித்தேன். மறுநாள் காலை ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “வேற எதுவும் சேர்க்கணுமா?” என்று சார் கேட்டார். “இல்ல சார்” என்றேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம், திங்கட்கிழமை. ஏழு பேருக்கு ஒவ்வொருவராகப் பயிற்சி அறையிலிருந்து போன் வந்தது. உள்ளே மும்பையிலிருந்து வந்த இரண்டு பேர், மேசை மேல் தண்ணீர் பாட்டில், முகம் துடைக்க ஒரு பெட்டி காகிதம். ராஜினாமாக் கடிதத்தைப் பெயரோடு அச்சிட்டுத் தயாராக வைத்திருந்தார்கள், கையெழுத்து மட்டும் போட வேண்டும். யாரையும் நீக்கவில்லை, ஏழு பேரும் தாங்களாகவே விலகினார்கள் என்றுதான் இன்றைக்கும் கோப்பில் இருக்கும். உள்ளே போனவர் தன் மேசைக்குத் திரும்ப முடியாது. பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வேறொருவர் எடுத்து வந்து கொடுப்பார். அடையாள அட்டையைக் கழற்றி வைத்தால் வாசலில் வேன் நிற்கும். ஒருவருக்குக் கால் மணி நேரம்.

காஜா அண்ணனுக்கு அவ்வளவுகூட ஆகவில்லை. வெளியே வந்தவர் வேன் பக்கம் போகாமல் பம்பு ரூம் பக்கம் திரும்பினார். காவலாளி ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, அங்கன விடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க.”

“திங்கக்கெழமைல்லாவே இன்னைக்கு. பம்பை மாத்திட்டு வந்துருதேன்.”

“வேண்டாம் அண்ணாச்சி, என் வேலைக்கு உலை வச்சிராதீங்க.”

அண்ணன் நின்றுவிட்டார். ஜன்னலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, “தங்கச்சி, மூணாம் பம்பை ஓட்டிட்டு ஒண்ணாம் பம்பை நிப்பாட்டச் சொல்லும்மா” என்றார். அத்தனை பேர் முன்னால் அவர் என்னைத் தங்கச்சி என்றது அதுதான் முதல் தடவை. பிறகு வேனில் ஏறினார். நான் போய்ப் பம்பை மாற்றச் சொன்னேன். அழுகை வந்தது. பம்புச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவர் போனதும் ஆலை தடுமாறி நின்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிற்கவில்லை. அவர் வைத்துவிட்டுப் போன ஒழுங்கிலேயே மாதக்கணக்கில் ஓடியது. அடுத்த கோடையில்தான் சில்லர் நின்றது. ஒப்பந்தத்துக்கு எடுத்த ஆள் இரண்டு நாள் போராடி ஓட்டினார். எட்டே கால் கூட்டத்தில் அவருக்கு ‘நல்லது’ கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து தியாகராஜன் சாருக்கும் அதே பயிற்சி அறையிலிருந்து போன் வந்தது. நான் மட்டும் தப்பித்தேன். யார் எந்தத் திருகாணியை முடுக்கினாலும் கூடவே நின்று சீட்டு எழுதி வாங்கினேன். என்னைச் சீட்டுப் பைத்தியம் என்று கேலி செய்தார்கள், செல்வியும்தான். ஏன் என்று அவளிடம் நான் சொன்னதில்லை. காஜா அண்ணன் இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரும் ஏசியும் பார்த்துக்கொள்கிறார்.

அவர் போன ஒரு மாதத்தில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஒரு நாள் மதியம் வாசலிலிருந்து போன். “மேடம், காஜா பாய் வந்துருக்காரு. உள்ள விட முடியாது. நீங்க கொஞ்சம் வருதீங்களா?” போனேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. பை நிறைய நிக்காஹ் பத்திரிகை. பிரிவில் இருந்த ஒவ்வொருவர் பெயரையும் எழுதி வைத்திருந்தார், சுடலைமுத்து அண்ணாச்சி உட்பட. “எல்லாருக்கும் நீயே குடுத்துரு தங்கச்சி” என்றார். என்னுடையதைப் பிரித்தேன். அவர் பெயருக்குக் கீழே எஞ்சினியர் என்றும், அதற்குக் கீழே எங்கள் கம்பெனிப் பெயரும் இருந்தன.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “அச்சடிச்சதுக்கு அப்புறம்தான் அந்த ரூமுக்குக் கூப்பிட்டாங்க. சம்பந்தி வீட்டுல போய் உள்ளதச் சொல்லிட்டேன். ‘உங்க பிள்ளையத்தான கேட்டோம், கம்பெனியவா கேட்டோம்’னுட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ். அந்த வரிய பேனாவால அடிச்சிருவமா வாப்பான்னு மவ கேட்டா. வேண்டாம்னுட்டேன். பதினெட்டு வருசம் இங்கன இருந்தது பொய்யா?”

“அண்ணே, அந்த லிஸ்ட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்மா. எங்கிட்ட காட்டுனாங்க. கீழ உன் கையெழுத்து இருந்துச்சு.” குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும். “நீ போட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல. நான் சீட்டு எழுதலல்லா. என்ன, அந்தத் தாளைத் திருப்பிப் பாத்தேன். பின்னால நீ ஏதாச்சும் எழுதிருப்பியோன்னு.”

நான் பத்திரிகையைத் திரும்ப உறைக்குள் வைத்தேன். “சரி, நேரமாச்சு. நிக்காஹுக்கு மாப்பிள்ளையவும் கூட்டிட்டு வந்துரு” என்று என் கணவரைச் சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். போனோம். என்னைச் சம்பந்தியிடம் கூட்டிப்போய், “எங்கூட வேலை பாத்த தங்கச்சி” என்றார்.

நீங்கள் குறிப்பு எழுதியிருந்தாலும் பட்டியல் மாறியிருக்காது என்று தியாகராஜன் சார் ஆலையை விட்டுப் போகும்போது சொன்னார். வயதையும் சம்பளத்தையும் வைத்து முன்பே முடிவு செய்திருந்தார்களாம், மணிநேரம் எல்லாம் ஒப்புக்குத்தானாம். இருக்கலாம். அந்த இரண்டு வரியால் காஜா அண்ணனுக்கு வேலை நிலைத்திருக்காது. ஆனால் முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் அந்தத் தாளைத் திருப்பியபோது வாசிக்க இரண்டு வரி இருந்திருக்கும்.